கடிதங்கள் போய்ச் சேர்ந்த ஊர்கள்: உ.வே.சா.வைத் தேடி

நவம்பர் 11, திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர்

இரவு முழுவதும் பெய்த மழை விடியும்போது ஓய்ந்திருந்தது. திருவேட்டீசுவரன்பேட்டை பிள்ளையார் கோயில் தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். உ.வே.சா.வின் வீடான 'தியாகராச விலாசம்' இருந்த இடத்தைக் காட்ட யாராவது கிடைப்பார்களா என்று பார்த்தேன். பால் வாங்கி வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி, "தமிழ்த் தாத்தா வீடா? அதை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டதே, தம்பி" என்றார். சொன்னதோடு நிற்காமல், புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் என்னோடு நடந்து வந்து இடத்தைக் காட்டினார். ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகவும் சொன்னார். அந்த வெள்ளத்தில் அவரை மறுபடி நடக்கவைக்க மனம் வரவில்லை.

1903-இல் கும்பகோணத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த உ.வே.சாமிநாதையர், தம் வாழ்வின் பிற்பகுதியில் பெரும்பாலான ஆண்டுகளைக் கழித்த வீடு அது. கும்பகோணம் கல்லூரியில் தம்மைத் தமிழாசிரியராக அமர்த்திய தியாகராச செட்டியாரின் பெயரை அந்த வீட்டுக்கு வைத்தார். தாகூர் வந்து அவரைக் கண்டதும் அங்கேதான். 2012-இல் அதை இடித்தார்கள். பாட்டி காட்டிய இடத்தில் ஐந்து நிமிடம் நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் என் வேட்டியில் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

வீடு போய்விட்டது. அந்த வீட்டுக்கு வந்த கடிதங்கள் போகவில்லை. இந்தப் பயணத்துக்கு அவைதான் காரணம். உ.வே.சா.வைச் சங்க நூல்களின் பதிப்பாசிரியராகவே எல்லோரும் அறிவோம். நான் அவரிடம் வந்து சேர்ந்தது அவருடைய கட்டுரைகள் வழியாக. ஏடு தேடிப் போன ஊர்களையும், அங்கே சோறு போட்டவர்களையும், ஏடு தர மறுத்தவர்களையும் பற்றி அவர் எழுதியவை என்னைப் பள்ளி நாட்களிலேயே பிடித்துக்கொண்டன. பிறகு அவருக்கு வந்த கடிதங்களில் 1877 முதல் 1900 வரையிலானவை, ஆ.இரா.வேங்கடாசலபதியின் பதிப்பாகத் தடித்த தொகுதியாக வெளிவந்தன. அதைப் படித்த நாளிலிருந்து, அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த ஊர்களுக்கு நானும் போக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பெசன்ட் நகரில் கடலுக்கு அருகே, கலாக்ஷேத்ராவை ஒட்டி இருக்கிறது அவர் பெயரிலான நூல்நிலையம். அவர் மறைந்த மறு ஆண்டு, 1943-இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் தொடங்கியது. உ.வே.சா.வின் மகன் கல்யாணசுந்தரையர் தந்தையின் சுவடிகளையும் நூல்களையும் காகிதங்களையும் அதற்குக் கொடுத்தார். அவருக்கு வந்த கடிதங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. கடற்காற்றில் இரும்புக் கதவே உதிரும் இடத்தில் ஓலையையும் காகிதத்தையும் காப்பது எவ்வளவு பெரிய வேலை! ஏட்டுக்குப் பூசும் புல்தைலத்தின் வாசனை பிற்பகல் முழுவதும் என் சட்டையில் இருந்தது. பக்கத்து மெஸ்ஸில் 120 ரூபாய்க்குச் சாப்பாடு. வாழைப்பூப் பொரியல் இரண்டாம் முறை கேட்டபோதும் முகம் சுளிக்காமல் போட்டார்கள்.

நவம்பர் 12, கும்பகோணம்

ரயில் விடியுமுன் இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே காப்பி 25 ரூபாய். பித்தளை டபராவில் வந்தது, கையில் பிடிக்க முடியாத சூடு. ஏழு மணிக்கு ஒரு சிறிய ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா கிடைத்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த அந்தக் குழம்பு இந்த ஊரைத் தாண்டினால் இந்த ருசியில் அமைவதில்லை. வேறு ஊர்களில் அதைக் குருமாவாக்கிவிடுகிறார்கள்.

காவிரியில் நல்ல தண்ணீர். அரசு கலைக் கல்லூரி ஆற்றங்கரை மரங்களுக்குள் நனைந்து நின்றது. 1880 பிப்ரவரியில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தார் உ.வே.சா. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று இந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்தவற்றை அவர் அடுக்க, முதலியார் அசையவில்லை. இவற்றுக்கு முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியைக் காட்டினார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1887-இல், சிந்தாமணி அச்சில் வந்தது.

அந்த ஏழு ஆண்டுகளையும் கடிதங்களின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆசிரியர் கும்பகோணத்தில், அச்சுக்கூடம் சென்னையில். கல்லூரி விடுமுறைகளில்தான் பட்டணம் போக முடியும். மற்ற நாட்களில் தபால்தான் துணை. நூலுக்கு முன்பணம் தந்து கையொப்பமிடுவோரைச் சேர்க்க வேண்டும், ஏடு தந்தவருக்குப் பதில் போட வேண்டும், திருப்பிக் கேட்பவரைச் சமாதானப்படுத்த வேண்டும். கால் அணா தபால் அட்டை இந்தியாவில் வந்தது 1879-இல், அவர் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு. அந்தக் கால் அணா மட்டும் இல்லாதிருந்தால் ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவர் தமிழ்நாடு முழுவதையும் ஈழத்தையும் தம் மேசைக்கு வரவழைத்திருக்க முடியாது என்பதே என் எண்ணம். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளையும் கொழும்புக் குமாரசாமி முதலியாரும் அவருக்கு எழுதியிருக்கிறார்கள். நமக்குப் பெயர் தெரியாத பள்ளி ஆசிரியர்களும் கோயில் அலுவலர்களும் எழுதியிருக்கிறார்கள். சங்க இலக்கியம் மீண்ட கதையைத் தனி மனிதரின் சாதனையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கடிதங்களைப் படித்தால் ஒரு கூட்டமே கண்முன் வருகிறது. உ.வே.சா.வின் பெருமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. இத்தனை பேரை ஒரு வேலைக்குள் கொண்டுவந்தாரே என்று இன்னும் கூடவே செய்கிறது.

மாலையில் கும்பேசுவரர் கோயில் பக்கம் நடந்தபோது பேய் மழை. குடை எதிர்ப்புறமாக மடங்கிக் கம்பி ஒடிந்தது. தோள்பையில் இருந்த கடிதத் தொகுதி அடியிலிருந்து பாதிவரை நனைந்துவிட்டது. விடுதிக்கு வந்து அதை மேசைமேல் விரித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வரவேற்பில் இருந்த பெண் நான் கேட்காமலேயே ஒரு கட்டுப் பழைய நாளிதழ் கொண்டு வந்தார். தாளுக்குத் தாள் நடுவே நாளிதழைக் கிழித்து வைத்து, ஈரம் ஏறியதும் எடுத்துவிட்டு உலர்ந்ததை மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவருடைய அண்ணன் பத்திரம் எழுதுபவராம். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டில் இது வழக்கமாம். இரவு ஒரு மணிவரை நாளிதழ் மாற்றிக்கொண்டிருந்தேன். எழுத்து எதுவும் கலையவில்லை. தாள்கள் மட்டும் அலைஅலையாக நெளிந்துவிட்டன.

நவம்பர் 13, திருவாவடுதுறை, நரசிங்கன்பேட்டை

மயிலாடுதுறை செல்லும் பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் இடம் வந்ததும் என் பெயரைக் கேட்டு வைத்திருந்தவர்போல் உரிமையோடு கூப்பிட்டு, "ஐயா, மடத்துக்குத்தானே? இறங்கி உள்ளே நடங்கள்" என்றார். நெற்றியில் நான் எதுவும் பூசியிருக்கவில்லை. இந்த ஊரில் இறங்கும் வெளியூர்க்காரர் வேறு எங்கே போவார்!

ஆதீனத்தின் வாசலும் கோமுத்தீசுவரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். கோயிலின் பெரிய நந்திக்கு முன்னால் ஈரக்கல்லில் அமர்ந்தேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. பாடம் கேட்ட ஊர் இது. 1876 பிப்ரவரி 1 அன்று பிள்ளை இறந்ததும் இங்கேதான். மாணவர் சவரிநாத பிள்ளை அவரைத் தம்மேல் சாய்த்துக்கொண்டிருக்க, உ.வே.சா. திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தார். சைவ மடத்து மகாவித்துவானைக் கடைசி நேரத்தில் தாங்கிக்கொண்டவர் ஒரு கிறித்தவ மாணவர். அந்த இடத்தை நான் எப்போது படித்தாலும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். ஆசிரியரின் வரலாற்றை எழுத உ.வே.சா. பல ஆண்டுகள் செய்தி சேர்த்தார். 1933-இலும் 1934-இலும் இரண்டு பாகங்களாக அது வந்தது. பிள்ளை பிறருக்கு எழுதிய கடிதங்கள் சிலவற்றையும் தேடிப் பிடித்து அதில் சேர்த்தார். கடிதம் வரலாற்றுக்கு உதவும் என்பதை அவர் தம் கையாலேயே செய்து பார்த்தவர்.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மாள், மதியம் மடத்தில் சாப்பிடச் சொன்னார். எனக்கு அடுத்த ஊருக்குப் போகும் அவசரம். "அப்படியானால் இதையாவது வைத்துக்கொள்" என்று இரண்டு வாழைப்பழம் தந்தார். காசு வாங்கவில்லை.

நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் செய்கிறார்கள். நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் ஊரான திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊரில் அது நடப்பது எவ்வளவு பொருத்தம். ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். கருமையான ஆச்சா மரம். கடைசலில் சுழன்றபோது சீவல் சுருள்சுருளாக விழுந்தது. பச்சை மரம் ஆகாது, பல பத்தாண்டுகள் காய்ந்த மரம்தான் வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தூண், உத்தரம் இவற்றைத் தேடி வாங்குவார்களாம். "வீடு இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்துவிடுவோம், தம்பி. மரம் அடுப்புக்குப் போய்விடக் கூடாதல்லவா?"

பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஒரு வாக்கியமே காதில் ஒலித்தது. பழைய வீட்டின் மரத்தைக் கேட்க ஆள் இருக்கிறது. அதே வீட்டின் பரண்மேல் இருக்கும் காகிதத்தைக் கேட்க யார் போகிறார்கள்?

நவம்பர் 14, உத்தமதானபுரம், பாபநாசம்

காலையில் வெயில், சுள்ளென்று. பாபநாசத்திலிருந்து ஆட்டோவுக்கு 150 ரூபாய். இரண்டு பக்கமும் சம்பா நாற்று, நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் மின்னியது. உத்தமதானபுரத்தில் உ.வே.சா.வின் வீடு இப்போது அரசின் நினைவு இல்லம். படங்கள், நூல்கள், அமைதியான திண்ணை. அவர் பிறந்தது தாயாரின் ஊரான சூரியமூலையில், 1855 பிப்ரவரி 19 அன்று. வளர்ந்ததுதான் இங்கே. இந்த ஊர் உண்டானபோது நாற்பத்தெட்டு வீடுகளும் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாக இருபத்துநான்கு கிணறுகளும் அமைத்தார்கள் என்று தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். நான் கிணறு தேடுவதைப் பார்த்த எதிர்வீட்டு அண்ணன் தம் கொல்லைக்கே கூட்டிப்போய் ஒரு கிணற்றைக் காட்டினார். பழையதா புதியதா என்று அவருக்குத் தெரியவில்லை. மோர் கொடுத்தார், பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போட்டு.

பாபநாசம் டீக்கடையில் நடந்ததைத்தான் இன்று விரிவாக எழுத வேண்டும். நெளிந்துபோன என் புத்தகத்தைப் பார்த்து, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய தாத்தா தமிழ்ப் பண்டிதராம்.

"ஐயரவர்களுக்கு வந்த கடிதமா இது? அப்படியானால் அவர் போட்ட பதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"வாங்கியவர்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், ஐயா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். தாத்தாவின் மரப்பெட்டியில் ஒரு கட்டு அட்டைகள் இருந்தனவாம். திருவல்லிக்கேணியிலிருந்து வந்தவை என்று தாத்தா பெருமையாகச் சொல்லி, ஒன்றை எடுத்து உரக்கப் படித்துக் காட்டியது இவருக்கு நினைவிருக்கிறதாம். பாகப்பிரிவினையில் வீட்டை விற்றபோது பெட்டியை ஒரு தம்பி எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்ததைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டார்கள். "பெட்டி தேக்கு. அதற்குத்தான் சண்டை. காகிதத்துக்கு யாரும் சண்டை போடவில்லை" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் இன்று என்ன விலை என்று விசாரித்தேன். நாளிதழ் கிலோ 14 ரூபாய், எழுதிய தாள் 10 ரூபாய். எழுதிய தாளுக்கு விலை குறைவு. பொட்டலம் கட்ட ஆகாதாம்.

உ.வே.சா. இதையெல்லாம் முன்பே பார்த்தவர். பத்துப்பாட்டு ஏடு தேடி அவர் திருநெல்வேலி போனபோது, ஒரு வக்கீல் வீட்டில் வண்டிக்கணக்கில் இருந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பக்தியோடுதான் விட்டார்கள், பக்தியோடுதான் எரித்தார்கள். அதைக் காதால் கேட்டுவிட்டு வந்த மனிதர் தமக்கு வந்த கால் அணா அட்டையைக்கூடத் தூக்கி எறியவில்லை. இவை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். போனது போனதுதான் என்ற வலி அவருக்கு இருந்தது. அதனால்தான் தம் மேசைக்கு வந்தது எதுவும் போகாமல் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 15, கும்பகோணம்

காய்ச்சல். மழையில் நனைந்ததன் பலன். விடுதிப் பெண் மிளகு ரசமும் குழைந்த சோறும் வரவழைத்துக் கொடுத்தார், 60 ரூபாய். படுத்தபடியே ஜூலியன் வின்சோனைப் பற்றிய பக்கங்களைப் படித்தேன். இங்கிருந்து கிழக்கே கடலோரத்தில் இருக்கும் காரைக்காலில் இளமையைக் கழித்தவர், பிறகு பாரீசில் தமிழ்ப் பேராசிரியர். 1891-இல் அவர் உ.வே.சா.வுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். பாரீஸ் தேசிய நூலகத்தில் இருந்த தமிழ்ச் சுவடிகளைப் பற்றிச் சொல்லி, உதவவும் முன்வந்தார். அடுத்த ஆண்டு சிலப்பதிகாரமும் 1898-இல் மணிமேகலையும் உ.வே.சா.வின் பதிப்பாக வெளிவந்தன. கும்பகோணத்துத் தபால்காரர் அந்த வெளிநாட்டு உறையைக் கொண்டுவந்து கொடுத்த காலையை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

நவம்பர் 17, திருக்கழுக்குன்றம்

செங்கல்பட்டில் இறங்கிப் பஸ் பிடித்தேன். மழை வெறித்திருந்தது. மலைக்கோயில் படிகளில் ஏற உடம்பில் தெம்பு இல்லை. சங்கு தீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றேன், நான்கு 30 ரூபாய். காய்ச்சல்காரன் தின்னக்கூடியது அல்ல, ஆனாலும் நாக்குக்கு உயிர் வந்தது.

1942-இல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னையே காலியானபோது உ.வே.சா.வும் குடும்பத்தோடு இங்கே வந்தார். வயது எண்பத்தேழு. திருவாவடுதுறை மடத்துக்குரிய இடத்தில் தங்கினார். இருபது வயதில் சோறும் தமிழும் தந்த அதே மடம். 1940 முதல் ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்த அவருடைய தன் வரலாறு முடிவதற்குள், ஏப்ரல் 28 அன்று இந்த ஊரில் காலமானார்.

குளக்கரையில் உட்கார்ந்து பாபநாசத்துப் பெரியவரின் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெசன்ட் நகரில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் போட்ட பதில்கள் வாங்கியவர் வீடுகளுக்குப் போயின. தஞ்சை, திருநெல்வேலி, இராமநாதபுரம், யாழ்ப்பாணம், கொழும்பு என்று எங்கெங்கோ பெட்டிகளில் கிடக்கலாம். ஆகவே படிக்கிற உங்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா தமிழாசிரியராகவோ, கோயில் அலுவலராகவோ, ஏடு வைத்திருந்த குடும்பத்தவராகவோ இருந்திருந்தால், வீட்டை விற்பதற்கு முன்னால், இடிப்பதற்கு முன்னால், பரணில் இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். தபால் முத்திரையில் கும்பகோணம் அல்லது திருவல்லிக்கேணி இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள், நடுவே நாளிதழ் வைத்து உலர்த்துங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிவிடாதீர்கள். கைபேசியில் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு, பெசன்ட் நகர் நூல்நிலையத்துக்கோ தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொடுக்க மனம் இல்லாவிட்டாலும் காட்டவாவது காட்டுங்கள்.

மன்னார்குடியில் என் அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. பூட்டுக்குச் சாவி தொலைந்து முப்பது ஆண்டு இருக்கும் என்று தொலைபேசியில் சொன்னார். வருகிற ஞாயிறு பூட்டுக்காரரோடு போகிறேன்.